தோள், இடுப்பு, கணுக்கால்

"இந்தச் சோப்பு மிஷின் கண்ணுக்கு நான் தெரியல."

நெட்டையக்காவின் வாயிலிருந்து இந்த ஒரு வரி வராமல் எங்கள் வணிக வளாகத்தில் ஒரு ஷிப்டும் தொடங்கியதில்லை. ஊழியர் கழிவறையில் கைகழுவும் தொட்டிக்கு மேலே ஒரு வெள்ளைப் பெட்டி உண்டு. அடியில் கையை நீட்டினால் தானாக நுரையைத் துப்பும். வெளுத்த கை எந்தக் கோணத்தில் போனாலும் துப்பும். கறுத்த கை போனால் கொஞ்சம் யோசிக்கும். நெட்டையக்காவின் கை போனால் யோசிக்கக்கூடச் செய்யாது. அவர் உள்ளங்கையைத் திருப்பி, விரல்களை விரித்து, பெட்டிக்கு டாட்டா காட்டுவதுபோல ஆட்டுவார். அப்புறம் ஒரு சொட்டு விழும்.

"பாரு கிளி, வேண்டா வெறுப்பா போடுது. மாத்துங்கன்னு சொன்னா அந்தச் சூப்பர்வைசர் என்ன சொல்றான் தெரியுமா? 'உங்க கையில ஏதாவது பிரச்சினை இருக்கும்க்கா'ங்கிறான். ஆமாண்டா, பிறந்ததுலேர்ந்து இருக்கு."

கிளி என்றால் நான்தான். யார் பேசினாலும் அதே குரலில் திருப்பிப் பேசிவிடுவேன் என்பதால் வந்த பெயர். எனக்கு வேலை, வாசலில் பைகளைப் படம் பிடிக்கும் ஸ்கேனர் முன்னால் உட்கார்ந்து அடுத்தவர் பைக்குள் பார்ப்பது. எனக்கு இடது பக்கம் ஒட்டுப்பலகையில் அடித்த ஒரு சின்ன அறை, முன்னால் ஒரு நீலத் திரை. பெண்களைச் சோதனை போடும் அறை அது. அதற்குள் நிற்பதுதான் நெட்டையக்காவின் வேலை. வலது பக்கம் ஆண்கள் வரிசை. அவர்களுக்குத் திரை கிடையாது. வெட்டவெளியில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

எங்கள் ஊரில் முகங்கள் இரண்டு வகை. ஊர் தங்களுடையது என்று சொல்லிக்கொள்கிறவர்கள் ஒரு வகை. அந்த ஊருக்குச் சாரம் கட்டவும் கல் ஏற்றவும் வந்து, அப்படியே தங்கிப்போனவர்களின் பிள்ளைகள் இன்னொரு வகை. முதல் வகை வெளுப்பு. இரண்டாவது வகை நாங்கள். எங்களுக்குள்ளும் மாநிறம், கறுப்பு, அட்டைக் கறுப்பு என்று படிகள் உண்டு; அதை நாங்களே வைத்துக்கொண்டோம், அவர்களைக் குறை சொல்ல முடியாது. நெட்டையக்கா கடைசிப் படி. அதோடு கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம், ஒட்ட வெட்டிய முடி, கடப்பாரைபோலத் தோள்.

அவர் அப்பா சாரம் கட்டுகிறவர். நாலு பெண்களில் இவர் கடைசி. "அடுப்புல கடைசியா இருந்தது, கொஞ்சம் தீஞ்சுபோச்சு" என்று அம்மா விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பாராம். பெண் கேட்டு வந்தவர்கள் போட்டோவைப் பார்த்துவிட்டு, "லைட்டு போட்டு எடுத்தது ஏதாவது இருக்கா?" என்று கேட்பார்களாம். இதைச் சொல்லும்போது நெட்டையக்காவின் குரலில் வருத்தமே இருக்காது.

"என் நிறம் எனக்குச் செஞ்ச ஒரே உபகாரம் அது. அக்காங்க மூணு பேரையும் ஆள் மாத்தி ஆள் வந்து கேட்டாங்க, மாட்டிக்கிட்டாங்க. என்னை எவனும் கேக்கல. நானும் எவனையும் கேக்கல. ரெண்டு பக்கமும் நிம்மதி."

அவரைத் தெருவில் நிறுத்திச் சோதனை போட்டது மட்டும் பலமுறை நடந்திருக்கிறது. பள்ளிக்கூடம் முடித்த வயதில், பேருந்து நிலையத்தில், கறுத்த உயரமான பையன் என்று நினைத்துப் போலீஸ்காரர்கள் சுவரோடு திருப்பி நிறுத்தித் தடவுவார்கள். பாதியில், "ஏய், இது பொண்ணுடா!" என்று ஒருவன் கத்துவான். மற்றவர்கள் சிரிப்பார்கள். மன்னிப்பு யாரும் கேட்டதில்லை. "ஆம்பளைன்னு நினைச்சுப் புடிச்சாங்க, பொம்பளைன்னு தெரிஞ்சதும் விட்டாங்களான்னு கேளு. அப்பதான் இன்னொரு தடவை தடவிப் பார்த்தானுங்க." இதையும் அதே குரலில்தான் சொல்வார், பேருந்து நேரம் சொல்வதுபோல.

அவர் வேலை செய்யும் முறை தனி. மற்ற வாசல்களில் நிற்கும் பெண்கள், வருகிறவர்களை இழுத்து, தடவி, தள்ளிவிடுவார்கள். நெட்டையக்கா எந்த இடத்தைத் தொடப்போகிறாரோ, அதை முன்கூட்டியே சொல்வார். புறங்கையால்தான் தொடுவார். பார்வை, வந்திருப்பவரின் தலைக்கு மேலே பலகையில் இருக்கும் ஆணியில் இருக்கும்.

"வாங்கம்மா. கையை விரிங்க. தோள். இடுப்பு. கணுக்கால். முடிஞ்சுது, போங்கம்மா."

பேருந்து நடத்துநர் நிறுத்தம் சொல்வதுபோல, ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல். என்னால் எந்தக் குரலையும் பிடிக்க முடியும். இதைப் பிடிக்கத்தான் நாளானது. ஏனென்றால் அதில் பிடிப்பதற்கு ஒன்றுமே இல்லை. வந்தவர்களுக்கு அதுதான் பிடித்திருந்தது. மற்ற வாசலில் கூட்டம் இல்லாதபோதும் சுற்றிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வருகிற பெண்கள் இருந்தார்கள்.

இந்த முறையை அவர் கற்றுக்கொண்டது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். கண்ணாடியின் காம்பு காதை அறுக்கிறது என்று திருத்தப் போயிருக்கிறார். கடையில் இருந்த பெண், வெளுத்த வகை, சின்ன உருவம், கையில் குட்டித் திருப்புளி. "காதுக்குப் பின்னால தொடுறேன், சரியா?" என்று கேட்டிருக்கிறார்.

"தொடறதுக்கு முன்னாடி கேட்டாங்க கிளி. என்கிட்ட. நான் திரும்பிப் பார்த்தேன், பின்னால வேற யாராவது நிக்கிறாங்களான்னு."

அப்புறம் காம்பு சரியாக இருந்தும் பலமுறை காதை அறுத்தது. கடைசியில் இருவரும் ஒரே வீட்டுக்குக் குடிபோனார்கள்.

வேலையிடத்தில் இதை அவர் மறைத்ததே இல்லை என்பதுதான் வேடிக்கை. "எங்க வீட்டுல கண்ணாடிக்கடையில வேலை." "எங்க வீட்டுல இன்னைக்கு உடம்பு சரியில்ல, சீக்கிரம் போகணும்." கேட்டவர்கள் எல்லோரும் தாங்களாகவே ஒரு கணவனைக் கட்டி, அவருக்கு மீசையும் வைத்துவிட்டார்கள். சூப்பர்வைசர் ஒருமுறை, "உங்க வீட்டுல சாரை ஒரு நாள் கூட்டிட்டு வாங்கக்கா, படத்துக்கு ஓசியில டிக்கெட் வாங்கித் தரேன்" என்றார். "அவங்களுக்கு லீவு கிடைக்கிறதில்லப்பா" என்றார் நெட்டையக்கா. நான் ஸ்கேனரில் யாரோ ஒருவரின் சோப்புப் பெட்டியை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆண்கள் வரிசையில் சோதனை போடுகிறவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருக்குப் பெயர் பவுடர். வெளுத்த வகை; வெளுப்பு போதாதென்று பவுடரும். அவருக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்பது வளாகம் முழுக்கத் தெரியும். அவர் கூட்டாளி, ஊழியர் விருந்துக்கு வந்து எல்லோருக்கும் ஐஸ்கிரீம் எடுத்துக் கொடுத்திருக்கிறார். மேனேஜரம்மா புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தால் முதலில் பவுடரிடம்தான் காட்டுவார்.

"பவுடர், இன்னைக்கு எத்தனை பேரைத் தடவின?" என்று பொருள் வைப்பறையிலிருந்து கத்துவார்கள்.

"எண்ணுறதை விட்டுட்டேன் டார்லிங், விரல் போதல!"

எல்லோரும் சிரிப்பார்கள். சிரிப்பு அடங்கியதும் அவர் முகத்தில் பவுடர் மட்டும் மிச்சம் இருக்கும். ஆனால் வரிசையில் நின்ற எந்த ஆணும், எந்த நாளும், இவர் என்னைத் தொடக்கூடாது என்று சொன்னதில்லை.

நெட்டையக்கா குடியிருந்த கட்டடத்தில் அவரைத் தவிர எல்லோரும் வெளுப்பு. ஐந்தாவது மாடி, ஒரே ஒரு படுக்கையறை, சமையலறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி. குடிபோன முதல் வாரமே, லிஃப்டில் மூன்றாவது மாடியம்மா ஒரு குப்பைப் பையை அவர் கையில் கொடுத்து, "கீழதானே போற? இதையும் போட்டுடு" என்றார். நெட்டையக்கா போட்டுவிட்டார். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. கூரியர்க்காரன், "வீட்டம்மாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா" என்பான். காவலாளி, "வேலைக்காரங்களுக்குப் பின்பக்க லிஃப்ட்" என்பான். கறுத்த பெண் ஒருத்தி அந்த வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தினால், அவள் வேறு யாராக இருக்க முடியும் என்று அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

முதலில் இருவரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். "ஏம்மா, தரையைத் துடைச்சாச்சா?" என்று கண்ணாடிக்கடைக்காரர் கேட்பார். "நாளைக்கு லீவு வேணும்மா" என்று நெட்டையக்கா தலையைச் சொறிவார். பிறகு ஒரு நாள், வீட்டை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரர் படியில் நிறுத்திக் கேட்டார், "அந்தப் பொண்ணு ராத்திரியும் இங்கேயே தங்குதா?" என்று. கண்ணாடிக்கடைக்காரர், "ஆமாங்க, உதவிக்கு" என்றார். நெட்டையக்கா காய்கறிப் பையோடு பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் சாப்பிட்டார். "கோவம்தான், ஆனா பசிச்சா என்ன பண்றது. சமையலும் நல்லாருந்தது."

கண்ணாடிக்கடைக்காரர் சொன்ன காரணத்தையும் அவர் எனக்குச் சொன்னார், அந்தச் சின்னக் குரலிலேயே. "வேலைக்காரின்னு நினைச்சா நம்மளை விட்டுடுவாங்க. வேற எதையாவது நினைச்சா வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவாங்க. எது வேணும் சொல்லு." வீடு வசதியான வீடு. பல வருடம் அப்படியே ஓடியது.

மூன்றாவது மாடியம்மா எங்கள் வாசலுக்கு வந்தது ஒரு வார நாளில், கூட்டமில்லாத நேரத்தில். நாக்கில் எப்போதும் மிட்டாய் இருப்பதுபோலப் பேசுகிறவர். பையை என் ஸ்கேனர் பெல்ட்டில் வைத்துவிட்டுத் திரைக்குள் போனார். ஒட்டுப்பலகை ஒரு விரல் கனம்தான். உள்ளே மூச்சு விட்டாலும் எனக்குக் கேட்கும்.

"அட! நீ எங்க பில்டிங்தானே? அஞ்சாவது மாடியில வேலை செய்யறவ!"

"கையை விரிங்கம்மா. தோள்."

"நல்லதாப் போச்சு, உன்னைத்தான் தேடிக்கிட்டிருந்தேன். எங்க வீட்டுல இருந்தவ சொல்லாம கொள்ளாம நின்னுட்டா. நீ காலையில மேல முடிச்சுட்டு அப்படியே கீழ இறங்கி வந்துடேன். பாத்திரம் கொஞ்சம்தான்."

"இடுப்பு."

"மேல என்ன தராங்களோ அதையே நானும் தரேன்."

"கணுக்கால்."

"பழைய துணியெல்லாம்கூட நிறைய இருக்கு. உன் உயரத்துக்கு என் வீட்டுக்காரரோட சட்டைதான் சரியா வரும்!"

'முடிஞ்சுது, போங்கம்மா' வர வேண்டிய இடம். வரவில்லை. நான் பெல்ட்டை நிறுத்தினேன்.

"நான் அங்க வேலை செய்யலம்மா. குடியிருக்கேன்."

"குடியிருக்கியா? அஞ்சாவது மாடியிலயா? யாரோட?"

"கண்ணாடிக்கடையில வேலை செய்றாங்களே, அவங்களோட."

அந்தம்மா, வாயிலிருந்த மிட்டாயை விழுங்கிவிட்ட குரலில், "அது எங்க வீடு மாதிரிதானே? ஒரே ஒரு பெட்ரூம்தானே?" என்றார்.

"ஆமாம்மா. நல்லாக் காத்து வரும். முடிஞ்சுது, போங்கம்மா."

பல வருடமாகக் குப்பைப் பையை வாங்கிக்கொண்டவர், அந்த ஒரு நாள் ஏன் வாயைத் திறந்தார் என்று பிறகு கேட்டேன். "தெரியல கிளி. சீருடையில இருந்தேன்ல" என்றார். அவ்வளவுதான் விளக்கம். வீட்டில் இருக்கும்போது அவருக்கு அந்தத் திருத்தம் தோன்றியதே இல்லை. வேலைக்காரி என்று சொன்னதை மறுத்தால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று அந்தக் கணத்தில் யோசிக்கவும் இல்லை.

அந்தம்மா பையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். எதுவும் வாங்காமல் திரும்பி வந்து வாடிக்கையாளர் மேசைக்கு நேராகப் போனார். அங்கே அவர் சொன்னதை மேசையில் இருந்த பெண் எங்களுக்குச் சொன்னார். நான் அதைக் குரலோடு சேர்த்துச் சரிசெய்து வைத்திருக்கிறேன்.

"அவ சும்மா தொடல. சொல்லிச் சொல்லித் தொடுறா. 'இடுப்பு'ங்கிறா, அந்த ஆம்பளைக் குரல்ல. அவ்வளவு கறுப்பா, அவ்வளவு உயரமா, அந்தச் சின்னப் பெட்டிக்குள்ள, திரையையும் மூடிக்கிட்டு! ஒரே ஒரு பெட்ரூம் வீட்டுல எங்க இனத்துப் பொம்பளையோட குடித்தனம் பண்றவ அவ! பொம்பளைங்க பாதுகாப்புக்குன்னு இப்படி ஒருத்தியையா நிறுத்துவீங்க?"

இதே பெண்மணி, சற்று முன்னால், தன் வீட்டுச் சாவியை அவரிடம் கொடுக்கத் தயாராக இருந்தவர்.

மேனேஜரம்மா நல்லவர்தான். கத்தவில்லை. அவரும் வெளுத்த வகை. எங்களைப் பிறந்தநாள் தவறாமல் வாழ்த்துகிறவர். ஆனால் பவுடரை 'நீங்க' என்பார், நெட்டையக்காவை 'நீ' என்பார். அதை அவர் கவனித்ததில்லை என்று நினைக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என்பதால் என்னையும் கூப்பிட்டு விசாரித்தார். அந்தம்மாவை அவர் எங்கெல்லாம் தொட்டார் என்று கேட்டார். "தோள், இடுப்பு, கணுக்கால்" என்றேன். பழக்க தோஷம், நெட்டையக்காவின் குரலிலேயே வந்துவிட்டது. மேனேஜரம்மா என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார்.

வெளியே சூப்பர்வைசர் நெட்டையக்காவைப் பிடித்துக்கொண்டார். சூப்பர்வைசரும் எங்கள் ஆள் என்பதால் கோபம் இரண்டு மடங்கு.

"ஏற்கெனவே நம்ம ஆளுங்களைப் பத்தி என்னென்னவோ பேசுறாங்கக்கா. திருடுவாங்க, நாறுவாங்கன்னு. இப்ப இது வேறயா? நம்ம ஆளுங்கள்ல இந்த மாதிரியெல்லாம் கிடையவே கிடையாதுன்னு நான் அங்க நெஞ்சைத் தட்டிச் சொல்லிட்டு வந்திருக்கேன்."

"நெஞ்சு வலிக்குதாப்பா?"

"விளையாடாதீங்கக்கா. அதுவும் போயும் போயும் அவங்க இனத்துலயா?"

"நம்ம இனத்துல யாரும் காதுக்குப் பின்னால கேட்டுத் தொடல."

சூப்பர்வைசருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது; சிரித்தால் வேலை போய்விடும் என்று குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினேன். நான் போட்டிருந்தது கயிறில்லாத ஷூ.

முடிவு இப்படி வந்தது: நெட்டையக்கா பெண்களைத் தொடக்கூடாது. ஆகவே ஆண்கள் வரிசைக்கு மாற்று. மறுநாள் அவர் வலது பக்கம் வந்து பவுடர் பக்கத்தில் நின்றார். முதலில் வந்தவன், "ஆம்பளையா பொம்பளையா, அதைச் சொல்லிட்டுத் தொடு" என்றான். இரண்டாவது வந்தவன் கூச்சத்தில் நெளிந்து, சட்டைப்பை சில்லறையெல்லாம் தரையில் கொட்டினான். மூன்றாவது ஆளின் மனைவி திரைக்குள்ளிருந்து தலையை நீட்டி, "ஒரு பொம்பளை எப்படி என் புருஷனைத் தொடலாம்?" என்று கத்தினார். ஆக, பெண்களைத் தொட அவர் போதுமான பெண் இல்லை. ஆண்களைத் தொடாமல் இருக்குமளவுக்குப் பெண். மத்தியானத்துக்குள் அவரைக் கீழ்த்தளத்துச் சரக்கு வாசலுக்கு அனுப்பிவிட்டார்கள். லாரி வரும், பெட்டி இறங்கும், வெளிச்சம் வராது.

பவுடருக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. சாப்பாட்டு வேளையில் கீழே போனார், நானும் போனேன். நெட்டையக்கா அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

"நான் மேனேஜர்கிட்டப் போய்க் கேட்டேன்" என்றார் பவுடர். "அவங்களுக்கு இந்த விதின்னா எனக்கும் அதே விதிதானே, நான் ஆம்பளைங்க வரிசையில நிக்கலாமா, என்னையும் மாத்துங்கன்னு."

"என்ன சொன்னாங்க?"

பவுடர் தரையைப் பார்த்தார். "சிரிச்சாங்க. 'நீங்க சும்மா இருங்க, நீங்க நம்ம பையன்'னாங்க."

நெட்டையக்கா பிரஷ்ஷை ஷூவில் இன்னும் இரண்டு தேய்ப்பு தேய்த்தார். "தப்பா எடுத்துக்காத. நீ போய்க் கேட்டதே பெருசு."

"நீங்களும் என்னை மாதிரி ஒரு ஜோக்கா ஆக்கிடுங்களேன். அவங்க சொல்றதுக்கு முன்னாடி நீங்க சொல்லிச் சிரிச்சுடுங்க. சிரிச்சுட்டாங்கன்னா பயப்பட மாட்டாங்க."

"நீ சிரிச்சா பையன் கலகலப்பா இருக்கான்பாங்க. நான் சிரிச்சா, இருட்டுல பல்லு மட்டும் தெரியுதும்பாங்க. எந்தப் பக்கம் போனாலும் அவங்களுக்கு ஜோக் ரெடியா இருக்கு. நான் எதுக்கு உழைக்கணும்?"

பவுடர் சிரித்துவிட்டார். சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாதோ என்று என்னைப் பார்த்தார்.

திரைக்குள் புதிதாக நிறுத்தியது ஒரு சின்னப் பெண்ணை. அவளுக்கு யாரைத் தொட்டாலும் சிரிப்பு வரும். தொடப்பட்டவர்களுக்கும் சிரிப்பு வரும். ஒருவரைச் சோதிக்கிற நேரத்தில் வரிசை தெருவரைக்கும் போய்விடும். ஆண்டுத் தள்ளுபடி வாரம் நெருங்கிக்கொண்டிருந்தது. "அந்த உயரமான அம்மா எங்க?" என்று கேட்கிறவர்கள் அதிகமானார்கள். மேனேஜரம்மாவுக்கு நெட்டையக்கா திரும்ப வேண்டும். ஆனால் புகார் அப்படியே நின்றது. மூன்றாவது மாடியம்மா வேறு சும்மா இல்லை; கட்டடத்தில் சொல்லி, வீட்டுக்காரர் காதுக்கும் போய்விட்டது. அவர் வந்து கதவில் நின்று, "நான் கேள்விப்பட்டது நிஜமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்.

மேனேஜரம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். எல்லோருக்கும் நல்லது என்று மனதார நம்பித்தான் கண்டுபிடித்தார். மூன்றாவது மாடியம்மாவை அழைத்து உட்காரவைத்துப் பேசுவது. அவர் எதிரில் நெட்டையக்கா, 'அந்த வீட்டில் தங்கி வேலை செய்கிறேன், அன்றைக்குச் சொன்னது கௌரவத்துக்காகச் சொன்ன பொய்' என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்வது. புகார் முடிந்தது. திரைக்குள் திரும்பலாம். வீட்டுக்காரரும் அடங்கிவிடுவார்.

முந்தின நாள் மாலை நெட்டையக்கா என்னோடு பேருந்து நிறுத்தம்வரை நடந்தார்.

"எங்க வீட்டுல சொல்லிடச் சொல்றாங்க கிளி. அழுறாங்க. இந்த வீட்டை விட்டா, ரெண்டு பொம்பளைங்க, அதுல ஒருத்தி இந்த நிறம், எவன் வீடு தருவான்னு கேக்குறாங்க. நியாயமான கேள்விதான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பாத்திரம் கழுவிட்டுப் படுத்துட்டேன்."

பேருந்து வந்தது. ஏறிக்கொண்டார். தலை கூரையில் இடிக்காமல் இருக்கக் கழுத்தைச் சாய்த்தபடி நின்றார்.

அதற்கப்புறம் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொல்வதற்கு வேறொன்று இருக்கிறது. நெட்டையக்கா திரைக்குள் திரும்பவில்லை. ஒரு மாதத்துக்குள் ஐந்தாவது மாடியைக் காலி செய்தார்கள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், எங்கள் ஆட்கள் இருக்கும் பகுதியில் வீடு தேடினார்கள். அங்கே நிறத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை; கண்ணாடிக்கடைக்காரரைப் பார்த்து, "இந்த வெள்ளைக்காரம்மா இங்க எதுக்கு?" என்றும், "ரெண்டு பேருக்கும் புருஷன் எங்க?" என்றும் கேட்டார்கள். நாலாவது வீட்டில்தான் கதவு திறந்தது. தண்ணீர் மாடிக்கு ஏறாத வீடு. கண்ணாடிக்கடைக்காரர் கொஞ்ச நாள் பேசாமலே இருந்தார், பிறகு பேசினார். சரக்கு வாசலில் லாரி ஓட்டுநர்கள் எவரும் நெட்டையக்காவைப் பற்றிப் புகார் சொல்லவில்லை. அவர்களிடமும் அவர், "தோள். இடுப்பு. கணுக்கால்" என்றுதான் சொல்கிறார், அவர்கள் கையை விரித்துக்கொண்டு கொட்டாவி விடுகிறார்கள். பவுடர் இன்னும் ஆண்கள் வரிசையில் இருக்கிறார். மூன்றாவது மாடியம்மா தள்ளுபடி வாரத்தில் மூன்று முறை வந்தார்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகக் கூடிய அன்றைக்கு மேனேஜரம்மாவின் அறையில் நான் இருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என்ற முறையில் மறுபடியும் கூப்பிட்டிருந்தார்கள். குரல் மாற்றிப் பேசக்கூடாது என்ற எச்சரிக்கையோடு. மூன்றாவது மாடியம்மா சோபாவில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சூப்பர்வைசர் சுவரோடு ஒட்டி நின்றார். நெட்டையக்காவுக்கு நாற்காலி போடவில்லை. போட்டாலும் முட்டி இடித்திருக்கும்.

"பாருங்க, எனக்கு யார் மேலயும் விரோதம் இல்ல" என்றார் மூன்றாவது மாடியம்மா. மிட்டாய் நாக்குக்குத் திரும்பியிருந்தது. "நான் முதல்லயே அப்படித்தானே நினைச்சேன். நல்லா வேலை செய்யற பொண்ணுன்னு. அவ வாயால சொல்லிட்டா எனக்கும் நிம்மதி."

"ஒரு வரிதான்" என்றார் மேனேஜரம்மா. "நீ அங்க தங்கி வேலை செய்றவ. அதைச் சொல்லிட்டு நாளைக்கே மேல வந்துடு. எனக்கு உன் வேலை மேல ஒரு குறையும் கிடையாது."

"சொல்லிடுங்கக்கா" என்று சூப்பர்வைசர் எங்கள் பேச்சில் முணுமுணுத்தார். "வாய் என்ன வலிக்கவா போகுது. நம்ம ஆளுங்க செய்யாத வேலையா அது?"

நெட்டையக்கா தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தார். அவர் பார்வை மூன்றாவது மாடியம்மாவின் தலைக்கு மேலே, சுவரில் எங்கேயோ இருந்தது. ஏற்றமும் இறக்கமும் இல்லாத அதே குரலில் சொன்னார்:

"அந்த வீட்டுல நான் பாத்திரம் கழுவுறேன் மேடம், நிஜம்தான். துணி துவைக்கிறேன், அதுவும் நிஜம். அவங்களுக்குக் காய்ச்சல்னா ராத்திரி முழுக்க முழிச்சிருக்கேன், கோவம் வந்தா திட்டு வாங்கிக்கிறேன், மறுநாள் காலையில நானே போய்ப் பேசுறேன். இத்தனை வருஷத்துல சம்பளம்னு சல்லிக்காசு வாங்கினதில்ல, லீவு கேட்டதில்ல, வேலையை விட்டு நிக்கணும்னு தோணினதும் இல்ல. இதையெல்லாம் சம்பளமில்லாம செய்யறவளுக்கு உங்க வீடுங்கள்ல என்ன பேரு சொல்றீங்களோ, அதே பேருதான் எனக்கும். கீழ லாரி நிக்குது, நான் வரேன்."